புரதம்னு நினைச்சு சர்க்கரையைக் கரைச்சுக் குடிக்காதீங்க

1/
"டாக்டர், அம்மா ரொம்ப வீக்கா இருக்காங்க. என்ன பவுடர் கொடுக்கட்டும்?" ஓபியில் அடிக்கடி கேட்கும் கேள்வி. கேட்பவர் வீட்டில் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு மால்ட் டின் இருக்கும். அந்த டின்னைப் பற்றித்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், முழுசா படிங்க.

2/
முதலில் தேவை எவ்வளவு? ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு: ஒரு கிலோ உடல் எடைக்கு தினமும் 0.83 கிராம் புரதம். 60 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு சுமார் 50 கிராம். வயதானவர்களுக்கு கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது முதியோர் மருத்துவர்கள் பலரின் கருத்து.

3/
இப்போ அம்மா தட்டைப் பாருங்க. காலையில் 3 இட்லி, சட்னி: 7 கிராம். மதியம் சோறு, குழம்பு, பொரியல்: 10. சாயங்காலம் காபி, 2 பிஸ்கட்: 3. ராத்திரி 2 தோசை: 6. கொஞ்சம் மோர் சேர்த்தாலும் 30 கிராமைத் தாண்டாது. வயிறு நிறையுது, புரதம் பாதிதான் போகுது.

4/
இது வெறும் கணக்கு இல்லை. தொடைத் தசை கரைஞ்சா தரையில் உட்கார்ந்தவங்க கையூன்றாம எழ முடியாது. பாத்ரூமில் தடுமாறுவாங்க. இடுப்பு எலும்பு முறிவோட வர்ற பாட்டிகள்ல பலர் மறுபடி பழைய மாதிரி நடக்கறதே இல்லை. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று நாம் கடந்து போறதுல ஒரு பங்கு இந்தப் புரதக் குறைவு.

5/
இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் டின் வாங்குறீங்க. அதைத் திருப்பிப் பின்பக்கம் படிங்க. பெரும்பாலான மால்ட் பவுடரில் 100 கிராமுக்குப் புரதம் 10 கிராமுக்குப் பக்கத்தில்தான். ஒரு தடவை போடுறது 25, 30 கிராம். அதாவது ஒரு டம்ளருக்கு 3 கிராம் புரதம். பல டின்களில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. அம்மாவுக்கு ஏற்கெனவே சுகர் இருந்தா கேட்கவே வேண்டாம்.

6/
இன்னொரு வித்தை: "பாலுடன் சேர்த்தால் இவ்வளவு புரதம்" என்று சில டின்களில் போட்டிருக்கும். 200 மில்லி பாலிலேயே 6 கிராம் புரதம் இருக்குங்க! மாடு கொடுத்த புரதத்துக்கு டின் பேர் வாங்கிக்குது.

7/
விலையைப் புரதத்தால வகுத்துப் பாருங்க. 250 ரூபாய்க்கு அரைக் கிலோ மால்ட், உள்ளே 50 கிராம் புரதம்: கிராமுக்கு 5 ரூபாய். 2500 ரூபாய்க்கு ஒரு கிலோ வே புரோட்டீன், உள்ளே 750 கிராம்: 3 ரூபாய் சொச்சம். முட்டை: 1 ரூபாய் சொச்சம். வேர்க்கடலையும் சோயாவும் அதைவிட மலிவு. விலை கடைக்குக் கடை மாறும், ஆனா "வே எல்லாம் பணக்காரங்களுக்கு, நமக்கு மால்ட்" என்ற நினைப்பு தப்பு. அதிக விலை கொடுக்கறது நாமதான்.

8/
நம் நாட்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் "ஹெல்த் டிரிங்க்" என்று ஒரு வகையே கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே இந்தப் பானங்களை அந்தத் தலைப்பிலிருந்து நீக்கச் சொல்லி ஆன்லைன் கடைகளுக்கு அறிவுறுத்தியது. நம்ம வீட்டு அலமாரியில் மட்டும் இன்னும் அந்தப் பேர் போகலை.

9/
சரி, வே வாங்கினா எல்லாம் சரியா? அதுலயும் ஏமாத்து உண்டு. 2024-ல் கேரள மருத்துவர்கள் இந்தியச் சந்தையில் கிடைக்கும் 36 பவுடர்களைப் பரிசோதித்து வெளியிட்ட ஆய்வில், சுமார் 70 சதவீதத்தில் லேபிளில் சொன்ன புரதம் இல்லை. சிலவற்றில் பாதிதான். சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது.

10/
எனவே வாங்கும்போது பார்க்க வேண்டியவை:
– 100 கிராமில் குறைந்தது 70 கிராம் புரதம்.
– பொருட்கள் பட்டியலில் முதல் பெயர் வே, பட்டாணி அல்லது சோயாப் புரதம். சர்க்கரை, மால்டோடெக்ஸ்ட்ரின் முதலில் வந்தா வெச்சுடுங்க.
– கிளைசின், டாரின் தனியாகச் சேர்த்திருந்தா சந்தேகப்படுங்க. நைட்ரஜனை அளந்துதான் புரதம் கணக்கிடுறாங்க. மலிவான இவை அந்த எண்ணை ஏத்திக் காட்டும்.
– மூலிகைக் கலவை வேண்டாம்.
– 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண், அந்த பேட்சுக்கான வெளி ஆய்வக அறிக்கை.

11/
எப்படிச் சேர்ப்பது? கொதிக்கிற பாலில் வேயைக் கொட்டாதீங்க, கட்டி கட்டியா திரிஞ்சு போகும். (சத்து போகாது, குடிக்கத்தான் முடியாது.) ராகிக் கஞ்சியை இறக்கி ஆறவிட்டு, கால் டம்ளர் தண்ணீரில் பவுடரைத் தனியாகக் கரைச்சு ஊத்துங்க. ஃபிளேவர் இல்லாததா இருந்தா மோரில் உப்பு, சீரகம் போட்டுக் கலக்கலாம். பால் வயித்துக்கு ஒத்துக்காதவங்க ஐசோலேட் வகையை வாங்குங்க.

12/
பவுடரே வேண்டாமா? வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் சம அளவு பொடிச்சு வைங்க. 30 கிராமில் சுமார் 7 கிராம் புரதம். மால்ட் டின்னைவிட இரண்டு மடங்கு. கஞ்சியில், தோசைப் பொடியில், பொரியல் மேல் என எதில் வேணும்னாலும் போடலாம். சப்பாத்திக்கு 4 பங்கு கோதுமைக்கு 1 பங்கு சோயா மாவு.

13/
எச்சரிக்கை: சிறுநீரக நோய் உள்ளவங்க டாக்டரைக் கேட்காம புரதத்தைக் கூட்டாதீங்க. டயாலிசிஸில் இருப்பவங்களுக்குத் தேவை அதிகம்; அதையும் டாக்டர்தான் சொல்லணும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, உடம்பை ஏத்த புரோட்டீன் பவுடர் வேண்டாம் என்கிறது. ஜிம் தம்பிகளே, தினம் முட்டை, கோழி, பருப்பு சாப்பிட முடிஞ்சா உங்களுக்கும் டின் தேவையில்லை. பவுடர் தேவைப்படறது பல் இல்லாத, பசி இல்லாத, ஆபரேஷன் முடிஞ்சு தட்டில் பாதியை மிச்சம் வைக்கிறவங்களுக்கு.

14/
அடுத்த முறை ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போறப்ப வாசலில் இருக்கும் கடையில் மால்ட் டின் வாங்காதீங்க. அந்தக் காசுக்கு ஒரு அட்டை முட்டை வாங்கி அவங்க வீட்டில் கொடுங்க. சைவம்னா பன்னீரும் கடலையும். வீட்டில் பிரிக்காத டின் இருந்தா இன்னைக்கே பின்பக்கம் பார்த்து, 100 கிராமில் எத்தனை கிராம் புரதம்னு கமெண்டில் போடுங்க. நாலு பேர் தெரிஞ்சுக்கட்டும்.