எழுத்து மூலம் அனுமதி உண்டா?

பி.காம். படித்தவனுக்குச் சட்டமும் தெரியும் என்பது எங்கள் நாகரசம்பட்டியில் அசைக்க முடியாத நம்பிக்கை. 'எனக்கு டெபிட், கிரெடிட் தவிர வேறொன்றும் தெரியாது' என்று எத்தனையோ தடவை சத்தியம் பண்ணிப் பார்த்துவிட்டேன். யார் கேட்கிறார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை. முதல் இட்லியில் கை வைத்த நேரம், அக்கா உள்ளே வந்தாள். பின்னாலேயே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவள் பிள்ளையாண்டான். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. வாரம் பூரா அங்கே ரூம். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் பைக்கில் ஊருக்குப் பறந்து வருவான். பறந்து என்றா சொன்னேன்? அதுதான் இப்போது விவகாரமே!

"டேய் தம்பி, இதைப் படிச்சு சொல்லு!" என்று ஒரு காகிதத்தை நீட்டினாள் அக்கா.

ஐயாயிரம் ரூபாய் அபராதம். காரணம்: பொதுச் சாலையில் பைக் ரேஸ்.

"நான் ரேஸே ஓட்டலை மாமா! நான்பாட்டுக்கு ஹைவேயில வந்துக்கிட்டிருந்தேன். பக்கத்துல எவனோ ஒருத்தன் வந்தான். அவ்வளவுதான். பணம் கட்ட மாட்டேன்னு சொல்லிடலாமா?"

எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த வக்கீல் எழுந்து கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டார். இட்லி ஆறட்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் இறங்கிவிட்டேன். 1988-ம் வருஷத்துச் சட்டம். 189-வது பிரிவு. மாநில அரசின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் பொது இடத்தில் வாகனப் பந்தயத்தில் கலந்துகொள்வது குற்றம். முன்பெல்லாம் ஒரு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2019-ல் திருத்தினார்கள். இப்போது முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 வரை அபராதம், அல்லது இரண்டுமே. மறுபடி மாட்டினால் ஒரு வருஷம், 10,000 என்று போகிறது. தக்காளி விலைகூட இப்படி ஒரே தாவாகப் பத்து மடங்கு தாவியதில்லை!

அனுமதி வாங்கினால் தெருவில் ரேஸ் விடலாமா? விடலாமே! 2024 ஆகஸ்ட் 31-லும் செப்டம்பர் 1-லும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் ராத்திரியில் சீறினவே, அதுவும் தெருதான். என்ன, தெருவை அடைத்து, தடுப்பு வைத்து, அப்புறம் விட்டார்கள்.

"நீ அரசாங்கத்துக்கிட்ட எழுதி வாங்கினியாடா?"

"விளையாடாதீங்க மாமா!"

சரி, விஷயத்துக்கு வருவோம். பணத்தைக் கட்டினால் அதோடு கணக்கு முடிந்தது. 'கட்ட மாட்டேன், நான் குற்றம் செய்யவில்லை' என்றால் வழக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னால் போகும். அங்கே நிரூபிக்க வேண்டியது போலீஸ் தரப்பு. வெறும் வேகமாகப் போனதாக வழக்கு என்றால், 183-வது பிரிவில் ஒரு அருமையான உட்பிரிவு இருக்கிறது. 'வேகமாகப் போன மாதிரி தெரிந்தது' என்று ஒரே ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. அந்தக் கணிப்புக்கு வேகத்தை அளக்கிற கருவியின் ஆதாரம் வேண்டும். ரேஸ் வழக்குக்கு இது நேராகப் பொருந்தாது. ஆனால் ரேஸ் என்றால் வேகம் மட்டும் போதாதே. எதிராளி வேண்டும், போட்டி வேண்டும்!

"ஜெயிச்சுடலாம்டா!" என்று தொடையைத் தட்டினேன். "ஜட்ஜ் என்ன கேப்பார்னு இப்பவே ஒத்திகை பார்த்துடுவோம். பக்கத்துல வந்தவன் உனக்குத் தெரிஞ்சவனா?"

"இல்லை மாமா. சத்தியமா தெரியாது."

"பேஷ்! பந்தயம், பணம்?"

"ஒண்ணும் இல்லை."

"பேஷ், பேஷ்! அப்புறம் என்ன நடந்தது?"

"அவன் என்னை முந்தினான்."

"சரி."

"நான் அவனை முந்தினேன்."

"ம்..."

"அவன் திரும்ப முந்தினான். நான் விடலை."

"எத்தனை தடவைடா?"

"ஏழெட்டு தடவை இருக்கும்..."

எனக்குள்ளிருந்த வக்கீல் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார்.

அதுவரை பேசாமலிருந்த அக்காதான் வாயைத் திறந்தாள். "எட்டாவது தடவை முந்தினப்ப முன்னால போன லாரி பிரேக் போட்டிருந்தா, நான் எந்தக் கோர்ட்டுல போய்டா கேஸ் போடுவேன்?"

பதிலில்லை. எந்தச் சட்டப் பிரிவிலும் இதற்குப் பதில் இல்லை.

"சனிக்கிழமை ராத்திரி உன் வண்டிச் சத்தம் தெருமுனையில கேக்குற வரைக்கும் நான் கண்ணை மூடறதில்லை. அது உனக்குத் தெரியுமா?" என்றவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டாள்.

நான் மெதுவாக ஆரம்பித்தேன். 2022-ல் பைக் ரேஸ் வழக்கில் முன்ஜாமீன் கேட்ட சென்னைப் பையனை, அரசு ஆஸ்பத்திரியின் விபத்து வார்டில் ஒரு மாதம் ஊழியர்களுக்கு உதவியாக வேலை செய்யச் சொன்னது உயர் நீதிமன்றம். 2023 செப்டம்பரில், நம்ம கிருஷ்ணகிரி வழியாகப் போகிற அதே சென்னை-பெங்களூரு ஹைவேயில், காஞ்சிபுரம் பக்கம் முன்சக்கரத்தைத் தூக்கிக் காட்டப் போய்க் கீழே விழுந்த யூடியூபருக்குக் கை முறிந்தது. லைசென்சும் பத்து வருஷத்துக்குப் போயிற்று.

பையன் அதிகம் யோசிக்கவில்லை. "கட்டிடறேன் மாமா. செய்யாத தப்புன்னா சண்டை போடலாம். இது செஞ்சதாச்சே!"

செய்யாத தப்புக்கு ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். தைரியமாகக் கோர்ட் ஏறுங்கள். ஆனால் ஏறுவதற்கு முன்னால், வீட்டில் ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிடுங்கள். அக்கா பக்கத்தில் இருந்தால் உத்தமம்!

மத்தியானம் போச்சம்பள்ளி சந்தைக்கு அவன் பைக்கிலேயே கிளம்பினோம். பாதுகாப்பு கருதி நானே ஓட்டினேன். பின்னால் அவன். இரண்டு தலையிலும் ஹெல்மெட். நாற்பதில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தபோது, கோழிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்ட ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் எங்களை 'விர்'ரென்று முந்திப் போனது. ஓட்டியவர் போகிற போக்கில் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோழிகளும் பார்த்தன!

என் வலது கை தானாக ஆக்ஸிலேட்டரை முறுக்கியது.

பின்னாலிருந்து பவ்யமாக ஒரு குரல்:

"மாமா, எழுத்து மூலம் அனுமதி வாங்கிட்டீங்களா?"