பத்து நிமிடம் யாருடையது?

"ஒரு சென்சார் மாற்ற மெக்கானிக் எதற்கு? டிரைவரே போட்டுவிடட்டும்" என்று சொல்லும் நிர்வாகங்கள் உண்டு. சாமான் கட்டைவிரல் அளவுதான். அதனால் வேலையும் சிறியது என்று எண்ணுவது பெரும் பிசகு.

இன்றைய டீசல் லாரிகள் பெரும்பாலும் 'காமன் ரயில்' முறையில் ஓடுபவை. பம்பு எண்ணெயை அழுத்தி ஓர் இரும்புக் குழாயில் தேக்குகிறது. அங்கிருந்தே எல்லா இன்ஜெக்டருக்கும் எண்ணெய் போகிறது. அந்தக் குழாயின் அழுத்தத்தை அளப்பதே இந்தச் சென்சார். லாரி டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 8 பார். எஞ்சின் ஓடும்போது இந்தக் குழாயினுள் 1,600 பார் வரை ஏறும். சிலவற்றில் அதற்கும் மேல்.

இவ்வழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல் ஒரு புள்ளி. முதலில் வலிகூட அதிகம் இராது. துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வோம். உள்ளேயோ சதை அழியத் தொடங்கியிருக்கும். சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க நேரிடலாம். டிரஸ்ஸர் மருந்து போட்டு அனுப்பும் காயமல்ல இது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "அழுத்தத்தோடு வந்த எண்ணெய் தோலுக்குள் பாய்ந்தது" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

எஞ்சினை நிறுத்தியபின் அந்த லாரியின் கைப்புத்தகம் சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். 10 நிமிடம் என்று சொல்லும் புத்தகங்கள் உண்டு. பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். கண்ணாடி அணிய வேண்டும். கசிவை விரலால் தடவிப் பார்க்கும் நம் பழக்கம் ஒழியட்டும்; அட்டைத் துண்டு போதும். சில எஞ்சின்களில் சென்சாரைத் தனியே கழற்றவே கூடாது, குழாயோடுதான் மாற்ற வேண்டும். புத்தகம் இல்லாத தோட்டத்தில் டிரைவருக்கு இது எப்படித் தெரியும்?

பால் கட்டிவிடுமே என்ற அவசரத்தில் முதலில் பறிபோவது அந்த 10 நிமிடம்தான். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994இலேயே வந்தது. பயிற்சியும் பாதுகாப்பான கருவியும் தருவது முதலாளியின் கடமை என்று அது கூறுகிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி, உடனடி ஆபத்தைத் தெரிவித்தும் முதலாளி கவனிக்காவிட்டால், தொழிலாளி அவ்வேலையை விட்டு விலகி நிற்கலாம்.

கிராணிமாராகிய நமக்கும் இதில் பங்குண்டு. அழுத்தம் இறங்கக் காத்திருந்த நேரத்தை "லாரி சும்மா நின்றது" என்று எழுதுகிறோம். மாதக் கடைசியில் டிரைவர்தான் பதில் சொல்கிறார். இனி அதை வேலை நேரம் என்றே எழுதுவோம். மேனேஜர் கேட்டால், கைப்புத்தகத்தின் அந்தப் பக்கத்தைக் காட்டுவோம்.