எரிமலைக்குப் பூட்டுப் போட முடியாது!

உலகில் எரிமலைகள் நிறைந்த நாடு இந்தோனேசியா. அங்கே உயிரோடிருக்கும் எரிமலைகள் மட்டும் சுமார் 127. ஏதாவது ஒன்று புகை கக்காத நாளே கிடையாது.

1815-ல் தம்போரா வெடித்தது. 1883-ல் கிரகதோவா வெடித்தது. கடல் பொங்கி, 36 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் மாண்டார்கள்.

இவ்வளவு ஆபத்து இருந்தும், மலையடியில் ஜனங்கள் ஏன் குடியிருக்கிறார்கள்? அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது நியாயம் அல்ல. எரிமலைச் சாம்பல் நாளடைவில் நல்ல உரமாகிறது. ஜாவா தீவில் நெல்லும் காய்கறியும் செழித்து விளைவது அந்த மண்ணில்தான். அழிக்கிற மலையே அன்னமும் இடுகிறது. அதை விட்டு அவர்கள் எங்கே போவார்கள்?

எனவே, மலையடியில் இருப்பவனைக் குறை கூறிப் பயன் இல்லை. அவனைக் காப்பாற்ற என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி.

கெலுத் சொல்லும் பாடம்

கிழக்கு ஜாவாவில் கெலுத் என்று ஒரு எரிமலை. அதன் வாயில் பெரிய ஏரி இருந்தது. 1919-ல் மலை வெடித்தபோது ஏரி நீர் முழுவதும் கொதிக்கும் சேறாகக் கீழே பாய்ந்தது. 5 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள்.

அப்போது ஆண்ட டச்சுக்காரர்கள் மலையைக் குடைந்து, ஏரி நீரை வடித்தார்கள். எரிமலைகளைக் கண்காணிக்கத் தனி இலாகாவும் 1920-ல் ஏற்பட்டது. பலன் கிடைத்தது. 1951-ல் மலை வெடித்தபோது சேற்று வெள்ளத்தால் பெருநாசம் நேரவில்லை.

ஆனால் அந்த வெடிப்பில் எரிமலை வாய் மேலும் ஆழமாகிவிட்டது. சுரங்க வழி பயன்படாமல் போயிற்று. ஏரி மீண்டும் நிரம்பியது. 1966-ல் மறுபடி வெடித்தது. 200-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். அதன் பிறகு இன்னும் கீழே புதிய வழி குடைந்தார்கள்.

2014 பிப்ரவரியில் கெலுத் பயங்கரமாக வெடித்தது. சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே உச்ச எச்சரிக்கை கொடுக்கப்பட்டுவிட்டது. மக்கள் வெளியேறினார்கள். இறந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மலை அதே மலைதான். மாறியது மனிதனுடைய முயற்சி.

மாட்டுக்கும் வழி வேண்டும்

எச்சரிக்கை மட்டும் போதுமா? போதாது. மெராபி எரிமலை அதைக் காட்டியது.

2010-ல் மெராபி சீறியபோது, மூன்றரை லட்சம் பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். அதனால் 10 ஆயிரம் முதல் 20 ஆயிரம் உயிர்கள் தப்பின என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆயினும் 350-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

முகாமுக்கு வந்தவர்களில் பலர், பகல் வேளையில் மீண்டும் மலைக்கு ஏறினார்கள். எதற்காக? மாட்டுக்குப் புல் போட! ஏழையின் சொத்து முழுவதும் அந்தத் தொழுவத்தில்தான் நிற்கிறது. "உயிர் பிழைக்க ஓடு" என்றால் அவன் ஓடுவான். "மாட்டை விட்டுவிடு" என்றால் திரும்பி வருவான். மாடுகளை விலைக்கு வாங்கிக்கொள்வதாக அரசாங்கம் பிறகு அறிவித்தது. நல்ல ஏற்பாடு. மலை உறுமத் தொடங்கும் முன்பே அது தயாராக இருக்க வேண்டாமா?

எச்சரிக்கையை மதிக்காததன் விலையும் பெரிது. சுமத்ராவில் உள்ள மராபி மலை வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் யாரும் போகக்கூடாது என்று விஞ்ஞானிகள் சொல்லியிருந்தார்கள். இருந்தும் மலையேற அனுமதிச் சீட்டு கொடுக்கப்பட்டது. 2023 டிசம்பர் 3-ந் தேதி மலை வெடித்து, ஏறியவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஒரு இலாகா "போகாதே" என்கிறது; இன்னொன்று சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறது. இது மலையின் குற்றமா?

எரிமலைக்குப் பூட்டுப் போட எந்த விஞ்ஞானத்தாலும் முடியாது. ஆனால் ஆபத்தை முன்கூட்டி அறியக் கருவி உண்டு. அறிவிக்க ஆள் உண்டு. இவற்றோடு, மலையடி வாசியின் மாட்டுக்கும் வயலுக்கும் அரசாங்கம் பொறுப்பு ஏற்க வேண்டும். மலை அமைதியாக இருக்கும்போது இதற்குச் செலவிடும் பணம் வீண் என்று தோன்றும். அது வீண் அல்ல என்பதற்குக் கெலுத்தின் அடிவாரத்தில் இன்று உயிரோடிருக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களே சாட்சி.