வருமுன் காக்கும் முதலாளி

புளியங்கூடலிலும் அயற்கிராமங்களிலும் பிறந்தோரிற் பலர், கடல் கடந்து தென்பகுதிப் பட்டினங்களிற் கடை நடத்தி வாழ்ந்தவர் என்பது யாவரும் அறிந்ததே. ஊர்ப் பிள்ளைகளே அக்கடைகளின் சிப்பந்திகள். கடையிலேயே உண்டு, கடையிலேயே உறங்கி, விடிந்தது முதல் இரவு வரை கால்கடுக்க நின்று உழைப்பவர்கள் அவர்கள்.

சிப்பந்தி நோயுற்றால் முதலாளிக்கு என்ன நட்டம், அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசந்தானே என்பர் சிலர். ஆள் வராத நாள்கள், தனியார் வைத்தியத்துக்கெனக் கொடுக்கும் முன்பணம், பழகிய கையை இழந்து புதியவனைப் பழக்கும் காலம் ஆகிய இவை யாவும் செலவுதாம். பேரேட்டில் நோயென்று பெயரிட்டு எழுதப்படாமையால் கண்ணிற் படுவதில்லை; அவ்வளவே.

மலைநாட்டுத் தோட்டங்கள் இதனை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கற்றன. 1916 ஆம் ஆண்டில் அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனத்தார் அங்கே கொழுக்கிப் புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். வெறுங்காலின் தோல் வழியே புகும் அப்புழு குடலிற் பற்றி இரத்தத்தை உறிஞ்சும். சோகை பிடித்த தொழிலாளி வேலை செய்யும் வலிமை இழப்பான். மருந்து கொடுக்கத் துரைமார் இசைந்தனர்; மலசலகூடம் கட்டவோ செலவுக்கு அஞ்சிப் பலர் தயங்கினர். விளைவு யாது? குணமானவர் அதே மண்ணில் நடந்து, அதே புழுவை மீண்டும் ஏற்றனர்.

இக்காலத்தும் பாடம் அதுவே. அமெரிக்காவிற் பெரிய வியாபார நிறுவனமொன்றின் 160 கிளைகளில் 20 கிளைகளைத் தெரிந்தெடுத்து, உணவு, உடற்பயிற்சி, மன அமைதி பற்றி ஊழியருக்குப் போதித்தனர். 2019 இல் வெளிவந்த முடிவின்படி, 18 மாதங்களின் பின் உடற்பயிற்சி செய்வதாகக் கூறியவர் தொகை கூடிற்று. வைத்தியச் செலவோ வேலைக்கு வராமையோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. புத்திமதி நல்லதே, ஆயினும் அது மட்டும் போதாது. நாள் முழுதும் நிற்பவனுக்கு நடையின் மேன்மையைப் போதித்துப் பயனென்ன? அவனுக்கு வேண்டியது ஓர் இருக்கை.

நம் நாட்டின் 1954 ஆம் ஆண்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என வேலைநேரத்துக்கு வரம்பிட்டது. ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் ஓய்வும் விதித்தது. அதனைச் சுமையென்று கருதாது, சுகாதார விதியென்று கொள்ளுதல் தகும். மதியச் சோற்றை மதியத்திலேயே உண்ண விடுங்கள். முப்பத்தைந்து வயது கடந்தவரை, அரசாங்கச் சுகாதார நிலையங்களில் இலவசமாக நடைபெறும் நீரிழிவு, இரத்த அழுத்தச் சோதனைக்கு அரைநாள் லீவு கொடுத்து அனுப்புங்கள்.

கடைப் பிள்ளைகளுக்கும் சேர்த்து உலையேற்றும் இல்லத்தரசியருக்கும் ஒரு சொல். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி அளவே, மேல் எல்லை. கருவாடும் ஊறுகாயும் அந்தக் கணக்கில் அடங்கும்.

இவற்றால் நாளையே பணம் மிஞ்சுமென்று நான் சொல்லேன். ஆனால், ஊரிலே ஒரு தாய் நம்பி ஒப்படைத்த பிள்ளையை, அனுப்பியபடியே சுகதேகியாகத் திருப்பிக் கொடுப்பது முதலாளியின் கடன். அக்கடனைத் தீர்க்க மேற்சொன்ன செலவு மிகச் சிறிதே.