பொறியாளர் என்பது ஆண்பாற் சொல்லா?

ஆனித் திங்கள் முழுநிலா நாளில் காரைக்கால் தெருக்களில் மாங்கனிகள் மழையெனப் பொழிகின்றன. மாடிகளினின்று வீசப்படும் கனியை ஏந்த ஆயிரமாயிரம் கைகள் எழுகின்றன. ஒரு பெண்ணின் பெயரால் ஓர் ஊரே எடுக்கும் விழா அது. காரைக்காலம்மையாரின் பத்திமையைப் பாராட்டுவார் பலர். அவர் அந்தாதி யாத்த புலமையர், தம் வாழ்க்கை இன்னதென்று தாமே முடிவு செய்தவர் என்பதை எண்ணுவார் சிலரே. அவ்விழாவுக்குக் கனியைக் கூடை கூடையாய் வாங்கும் அதே வீட்டில், பத்தாம் வகுப்பில் கணக்கில் முதன்மை பெற்ற மகள், "மேல்வகுப்பில் கணக்கும் இயற்பியலும் எடுத்துப் பொறியியல் படிப்பேன்" என்றால் கிடைக்கும் விடை யாது? "அது ஆண்பிள்ளைப் படிப்பம்மா! எளிதாய் ஒரு பட்டம் வாங்கிக்கொள். நல்ல இடம் வந்தால் முடித்துவிடலாம்."

ஆண்பிள்ளைப் படிப்பாம்! எந்தத் தமிழ் நூல் அங்ஙனம் வகுத்தது? 'ன்' ஈறு ஆண்பால், 'ள்' ஈறு பெண்பால், 'ர்' ஈறு பலர்பால் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த இலக்கணம். ஒருவரை உயர்த்திச் சொல்லுங்கால் அந்த 'ர்' ஈறே ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடின்றி வரும். பொறியாளர் என்னுஞ் சொல்லில் மீசையும் இல்லை, கூந்தலும் இல்லை. மொழி திறந்து வைத்த கதவைத் தமிழன் தன் வீட்டில் தாழிட்டுக் கொண்டான்.

சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரி 1794 ஆம் ஆண்டு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. அதனுள் ஒரு பெண் மாணவியாய் நுழைவதற்கு 1940 வரை, நூற்று நாற்பத்தாறு ஆண்டுகள் ஆயின. அவர் பெயர் இலலிதா. பதினைந்தில் மணம், பதினெட்டில் கைம்மை, கையில் நான்கு திங்கட் குழந்தை. கைம்பெண்ணை மூலையில் அமர்த்தி வைத்த காலம் அது. அக்கல்லூரியிலேயே மின்னியற் பேராசிரியராய் இருந்த அவர் தந்தை, மகளை மூலையில் அமர்த்தவில்லை, வகுப்பறையில் அமர்த்தினார். அடுத்து இலீலாம்மா, திரேசியா என்னும் இருவர் கட்டடவியல் பயில வந்து சேர்ந்தனர். மூவரும் படிப்பை முடித்துச் சான்றிதழ் பெறும் வேளையில், அதில் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்த ஆண்பாற் சொல்லை மையால் அடித்துப் பெண்பாற் சொல்லை எழுத வேண்டியதாயிற்று என்பர். அச்சான்றிதழ் தமிழில் இருந்திருப்பின் அடித்தலும் வேண்டா, திருத்தலும் வேண்டா. 'அவர்' என்னும் ஒரு சொல்லே மூவர்க்கும் போதும்.

இலலிதா பின்னர் பக்ரா நங்கல் அணையின் மின்தட வடிவமைப்புப் பணியில் பங்கு கொண்டார். 1964 இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்க்கும் அறிவியலாளர்க்கும் நடந்த முதல் உலக மாநாட்டிற் கலந்துகொண்டார். திரேசியா 1971 இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். பெண்ணால் ஆகாது என்பார்க்கு அணையும் பாலமும் என்றோ விடையளித்துவிட்டன.

ஆயினும் இதில் தமிழர் நாணத்தக்க செய்தி ஒன்றுண்டு. இலலிதா தெலுங்குக் குடும்பத்தார், ஏனையிருவர் மலையாளிகள். தமிழ் மண்ணில் நின்ற கல்லூரியில் முதன்முதற் பயின்ற மூன்று பெண்டிருள் தமிழ்ப்பெண் ஒருவரும் இல்லை! வீரத்தாயைப் பற்றி மேடைதோறும் முழங்கிய இனம், தன் மகளை அடுப்படியில் நிறுத்திவிட்டுத்தான் முழங்கியது.

பின்வந்தோர் அவ்விழுக்கைத் துடைத்தனர். அரியலூரில் பிறந்த வளர்மதி, 2012 இல் விண்ணேறிய இரிசாட்டு-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநராய் இருந்தார். 2015 இல் தமிழக அரசு நிறுவிய அப்துல் கலாம் விருதை முதன்முதற் பெற்றவரும் அவரே. (பெயரைப் பாருங்கள், வளர்மதி! தூய தமிழ்ப் பெயர் தாங்கினால் முன்னேற முடியாது என்போர் சற்றே வாய் மூடட்டும்.) செங்கோட்டையின் அரசு மகளிர் பள்ளியிற் படித்த நிகார் சாசி, 2023 இல் கதிரவனை ஆயப் புறப்பட்ட ஆதித்தியா எல்-1 கலத்தின் திட்ட இயக்குநர். அரியலூரும் செங்கோட்டையும் மாநகரங்கள் அல்ல. அங்கு முளைத்தது காரைக்காலில் முளைக்காதா?

முளைக்கும், ஆனால் மண்ணைக் கல்லாக்கி வைத்திருக்கின்றனர். காரைக்கால் மாவட்டத்தின் திருவேட்டக்குடியிலேயே நடுவணரசின் தொழில்நுட்பக் கழகம் நிற்கின்றது. 2010 இல் நிறுவப்பட்டது, ஊரார்க்கோ 'என்.ஐ.டி.' என்னும் மூன்று எழுத்தாகவே அது தெரியும். இத்தகைய கழகங்களில் உள்ளூர் மாணவர்க்குப் பாதி இடம் உண்டு. 2018 முதல் பெண்களுக்கெனக் கூடுதல் இடங்களும் உண்டு. காரைக்கால் மகள் வீட்டுச் சோற்றை உண்டு, பேருந்தேறிச் சென்று, மாலை வீடு திரும்பிவிடலாம். தொலைவூர் அனுப்ப அஞ்சும் தந்தைக்கும் இங்குச் சாக்கு இல்லை.

ஆயின் அக்கழகத்தின் வாயிலில் ஆங்கிலம் காவல் நிற்கின்றது. அதற்குரிய நடுவண் நுழைவுத் தேர்வின் வினாத்தாள் 2021 வரை தமிழில் இல்லை. ஆங்கிலத்தில் இருந்தது, இந்தியில் இருந்தது, குசராத்தியிலும் இருந்தது! எட்டுக்கோடித் தமிழரின் மொழி கடைசி வரிசையில் நின்றது. இன்று வினா தமிழில் கிடைக்கின்றது. வினாவுக்கு அணியப்படுத்தும் நூலும் பயிற்சியும் தமிழில் எங்கே? 2010 இலேயே அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழ்வழியிற் கற்பிக்கத் தொடங்கிவிட்டது. தமிழிற் பொறியியல் முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. காரைக்கால் அரசுப் பள்ளிகளிலோ 2023 முதல் நடுவண் வாரியப் பாடத்திட்டம் படிப்படியாய்ப் புகுத்தப்பட்டது. தாய்மொழியில் விளங்கிய கணக்கு, ஆங்கிலச் சொற்களுக்குள் புதைந்தால் முதலில் பின்வாங்குபவர் யார்? பணம் கட்டித் தனிப்பயிற்சிக்கு அனுப்பப்படும் மகன் அல்லன். வீட்டு வேலையையும் முடித்துவிட்டு விளக்கடியில் அமரும் மகளே. மொழித்தடையும் பெண்தடையும் இரண்டல்ல, ஒரே பூட்டின் இரு நாக்குகள்.

இம்மண்ணுக்குப் பொறியியல் வேண்டாததும் அன்று. காவிரி கடைசியாய் வந்து சேரும் கடைமடை காரைக்கால். அரசலாற்று முகத்தில் உப்புநீர் உள்ளேறுகின்றது. 2004 திசம்பர் 26 இல் கடல் எழுந்து கரையூர்களை விழுங்கியது; 2018 நவம்பரில் கசாப் புயல் அடித்தது. கரை எத்தனை உயரம் வேண்டும், மதகு எங்கு வேண்டும், வீடு எந்த அடித்தளத்தில் நிற்கும் என்பதையெல்லாம் கடலோடு வாழ்ந்த பெண்ணை விட யார் நன்கு அறிவார்? காவிரிப் படுகையில் எண்ணெய் அகழ்வது தகுமா தகாதா என்பது தனி வழக்கு. 2020 இல் தமிழகம் இயற்றிய வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டத்தின் நிழல், புதுவையொடு சேர்ந்த காரைக்காலின் மேல் விழவில்லை. அவ்வழக்கை எடுத்துரைக்கவும் நிலத்தடி நீரையும் குழாயழுத்தத்தையும் கணக்கிடத் தெரிந்த ஒரு மகள் வேண்டும். வெறும் முழக்கம் அங்குச் செல்லாது.

மணமகன் வீட்டார் கேட்கும் பொன்னுக்காகப் பதினைந்து ஆண்டு சேர்த்த பணத்தில் ஒரு பங்கைப் படிப்பிற்கு எடுத்தால், எஞ்சிய பொன்னைக் கேட்கும் துணிவே பலர்க்கு வாராது.

பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்தவுடன், காரைக்காலிலும் திருநள்ளாற்றிலும் திருமலைராயன்பட்டினத்திலும் நெடுங்காட்டிலும் தமிழன்பர்கள் வீடு வீடாய்ச் செல்லட்டும். கணக்கிற் சிறந்த பெண்கள் யாரெனப் பள்ளித் தலைமையாசிரியர் அறிவார். அவர்தம் தந்தையரோடும் தாயரோடும் பேசட்டும். ஆண்டுதோறும் பொங்கலுக்குக் கவியரங்கம் நடத்தும் மன்றங்கள், சனிக்கிழமைதோறும் ஒரு கூடத்தைத் திறந்து கணக்கையும் இயற்பியலையும் தமிழில், கட்டணமின்றிக் கற்பிக்கட்டும். கவியரங்கம் நின்றாலும் தாழ்வில்லை. அக்கூடத்தின் விளக்கு அணையலாகாது.