காத்திருக்க வசதியுள்ளவர்களுக்குத்தான் ஆசிரியர் வேலையா?

பி.எட். முடித்த நம் தோழர்களிடம் "இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "டெட்டுக்குப் படிச்சிட்டிருக்கேன்." இரண்டு வருடம் கழித்துக் கேட்டாலும் அதே பதில். இதைச் சோம்பல் என்றோ திறமைக் குறைவு என்றோ பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நாம் அப்படிப் பார்க்கவில்லை. இந்தக் காத்திருப்புக்குப் பின்னால் சாதியும் சொத்தும் இருக்கின்றன.

கணக்கைப் பாருங்கள். பட்டப்படிப்பு மூன்று வருடம். 2015 முதல் பி.எட். இரண்டு வருடம். அதன்பின் ஆசிரியர் தகுதித் தேர்வு. 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் 2,500 பேர்கூட இல்லை. 150-க்கு 90 மதிப்பெண் என்ற கட்டாயத்தில் 5 சதவீதத் தளர்வு 2014-ல்தான் வந்தது. தேறினாலும் வேலை உறுதியில்லை. டெட் வெறும் தகுதிதான், நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு உண்டு என்று 2018-ல் அரசாணை 149 சொன்னது. அந்தப் போட்டித் தேர்வு முதன்முதலாக நடந்தது 2024-ல். இடையில் ஆறு வருடம்!

இந்த ஆறு வருடத்தை யாரால் தாங்க முடியும்? நிலம் இருக்கிற வீட்டுப் பிள்ளை கோச்சிங் சென்டரில் உட்கார்ந்து தாங்கும். நம் சேரியில் நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவின் பிள்ளை எப்படித் தாங்கும்? போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பட்டத்தோடு நின்றுவிடுகிறது. காத்திருப்பதற்கு உதவித்தொகை கிடையாது. எனவே நம் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே நியமனத்தில் இடஒதுக்கீடு இல்லை, சொற்பச் சம்பளம். ஜவுளிக்கடைக்கும் டெலிவரி வேலைக்கும் போகிறவர்களும் உண்டு.

காலியிடங்கள் இல்லாமலா இது நடக்கிறது? 2022-ல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை எடுக்க அரசு உத்தரவிட்டது. மாதம் 7,500, 10,000, 12,000 ரூபாய் என்று மூன்று நிலைகளில் தொகுப்பூதியம். ஆக, வேலை இருக்கிறது. முறையான நியமனம்தான் இல்லை. ஊர்ப் பெரிய மனிதர்களின் செல்வாக்கு ஓடும் இடத்தில், இனசுழற்சி இல்லாமல் ஆள் எடுத்தால் யார் உள்ளே போவார்கள், யார் வெளியே நிற்பார்கள் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இது நமக்கு வேலை கிடைக்கிற பிரச்சினை மட்டுமல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-ல் அறிக்கை தந்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு முதல் பள்ளியின் பெயரில் ஒட்டியிருக்கும் சாதி வரை அது பேசியது. நல்ல பரிந்துரைகள். ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளையைச் சாதி சொல்லி ஒதுக்கும்போது, ஸ்டாஃப் ரூமில் "இது தப்பு சார்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. அந்த ஆள் இன்று ஏதோ ஒரு கடையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறார்.

நாம் கேட்பது இவைதான்: ஒவ்வொரு வருடமும் குறித்த மாதத்தில் தேர்வும் நியமனமும். தொகுப்பூதியத்தை ஒழித்து, இனசுழற்சியோடு நிரந்தரப் பணி. எஸ்.சி., எஸ்.டி. பின்னடைவுக் காலியிடங்களை முதலில் நிரப்புதல். காத்திருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு உதவித்தொகையும், ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தேர்வுப் பயிற்சியும்.

தோழர்களே, கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். உங்கள் மாவட்டத்தில் எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி, அதில் எஸ்.சி., எஸ்.டி. பின்னடைவு எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். செலவு பத்து ரூபாய். வேலைக்குப் போய்விட்ட அண்ணன்களும் அக்காக்களும் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து, காத்திருப்பவர்களோடு உட்கார்ந்து பாடம் நடத்துங்கள். பி.எட். சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட யாரையும் விடாதீர்கள். அதற்காகக் காதில் கிடந்த தோட்டை அடகு வைத்தவர்கள் நம் அம்மாக்கள்.