அடுத்த நூல் எப்போது வரும்?

"இயற்பியல் படிக்கிற உனக்குச் சோழர் வரலாறு எதற்கப்பா?" என்று விடுதி நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. தேர்வுக்கு உதவாத நூலைத் தொடுவது வீண் வேலை என்பது அவர்கள் கட்சி. அதை நான் ஒப்புவதற்கில்லை.

பள்ளியில் எனக்கும் வரலாறு வேம்பாகத்தான் இருந்தது. அரசன், ஆண்டு, போர், குளம் வெட்டினான், மரம் நட்டான், இவ்வளவே. சென்ற ஆண்டு ஒரு மாலை நம் நூலகத்தில் (உள்ளதைச் சொன்னால், மழைக்கு ஒதுங்கிய இடத்தில்) தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிய நூலொன்றைப் புரட்டினேன். அன்றோடு என் எண்ணம் மாறிற்று.

இராசராசன் கல்வெட்டுகளுள் ஒன்று, பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட நானூறு ஆடல் மகளிரை வரிசையாகக் குறிக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் எழுதியிருக்கிறார்கள். ஆளுக்கொரு வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். அவர்களை அடுத்துத் தையற்காரர், குயவர், வண்ணார், நாவிதர், தச்சர் எல்லாரும் வருகின்றனர்.

அப்பக்கத்தை மூன்று முறை படித்தேன். என் பாட்டனாருக்கு முந்தியவர் பெயர் எங்கள் வீட்டிலேயே யாருக்கும் தெரியாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருத்தியின் வீடோ தெருவில் எத்தனையாவது என்பது வரை தெரிகிறது! அவள் விரும்பி வந்தாளா? விட்டு வந்த ஊரை நினைத்து அழுதாளா? கல்வெட்டு சொல்லவில்லை, அந்நூலாசிரியரும் கேட்கவில்லை. வேறு யாரேனும் கேட்டிருப்பார்களோ என்று அடுத்த நூலைத் தேடினேன். இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக் காத்திருப்பதும் ஓர் இன்பமே. சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' முதற் பகுதி 1949இலும், இரண்டாம் பகுதி 1951இலும் வந்தன. மூன்றாம் பகுதி வந்ததோ 1961இல். ஆசிரியர் அதற்கு முந்திய ஆண்டே மறைந்துவிட்டார். அந்தப் பத்தாண்டும் காத்திருந்த வாசகர் எவரையாவது சந்திக்க மாட்டோமா என்றிருக்கிறது எனக்கு.

வரலாறு முடிந்துபோன கதையன்று. கீழடி அகழாய்வு பற்றி 2019இல் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில், கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 என்று கண்டிருந்தது. வைகைக் கரையின் நகர வாழ்வு பற்றிய பழைய கணக்கு அதனால் பின்னோக்கி நகர்ந்தது. கரிமக் கணிப்பு நம் இயற்பியல் பாடந்தானே, நண்பர்களே? படியெடுத்தும் அச்சேறாத கல்வெட்டுகள் இன்னும் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றில் எத்தனை குயவர், எத்தனை வண்ணார் இருக்கின்றனரோ!

ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் நூலக வரலாற்று அடுக்கில் புது நூல் வந்து ஆண்டுகள் பல ஆயின. இவ்வாண்டு வாங்கும் பட்டியலில் கல்வெட்டுத் தொகுதிகளையும் சேர்க்க வேண்டுகிறேன். கட்டுப் பிரிக்கும் நாளில் எனக்கும் ஒரு சொல் சொல்லியனுப்பினால், ஆய்வகம் முடிந்ததும் ஓடி வந்துவிடுவேன்.